வெல்லம் கலந்த பசை

வார்டு தேர்தலில் நிற்கும் மரகதவல்லிக்கு ஒரு சுவரொட்டியை எப்படி ஒழிப்பதென்று தெரியவில்லை. ‘புருஷனை விரட்டியவளுக்கா உங்கள் ஓட்டு?’ கிழித்தால், என்ன எழுதியிருந்தது என்று கேட்கிறார்கள். சுண்ணாம்பு அடித்தால் சுரண்டிப் பார்க்கிறார்கள். அவள் மகள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும்.

“எதிராளி பொண்டாட்டி கதை நம்மகிட்டயும் இருக்குக்கா,” என்றான் அவளுக்குப் போஸ்டர் ஒட்டும் சிங்காரம். “அச்சடிச்சிருவோம். நேத்து மேடையில நம்ம தலைவரே அப்படித்தானே பேசினாரு?”

“அவர் பேசினா நானும் பேசணுமா? அந்தப் பொம்பளையா எலெக்‌ஷன்ல நிக்குது? பசை வாளியக் கொடு.”

“ஒட்டப் போஸ்டரே இல்லியேக்கா?”

“நம்ம போஸ்டரையெல்லாம் மாடு தின்னுருச்சுன்னு நீதானடா பொலம்புன?”

மாடு தேடி வருவது பசையிலிருக்கும் மைதாவுக்காக. காகிதம் கூடவே போய்விடுகிறது. அவள் பசையில் வெல்லத்தைக் கரைத்து, தன்னைத் திட்டும் சுவரொட்டியின் மேல் தன் கையாலேயே தடித்துப் பூசினாள். மறுநாள் மகள் பள்ளிக்குக் கிளம்பியபோது, ஒரு செவலைப் பசு கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது. மாடு தின்றதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.