டாட்டா காட்டிய ஸ்லாத்

ஆற்றங்கரை மரத்தில் ஒரு ஸ்லாத் தன்னந்தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இலையை மென்று விழுங்கவே அரைப்பொழுது எடுத்துக்கொள்ளும் பிராணி. பேச்சுத்துணைக்கு ஆளில்லை. தினமும் காலையில் ஒரு படகு வரும். அதிலிருந்து, "அதோ பாரு, அதோ பாரு!" என்று சுற்றுலாக்காரர்கள் கூவிக் கையசைப்பார்கள். உலகத்தில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். பதிலுக்குக் கையசைக்க வேண்டாமா? ஸ்லாத்தும் கையைத் தூக்கும். அது தோள் வரை வருவதற்குள் படகு வளைவைத் தாண்டிப் போயிருக்கும்.

ஒருநாள் விடிந்ததுமே கையைத் தூக்கத் தொடங்கியது. படகு வந்தபோது கை உச்சியில் இருந்தது. "ஐயோ, டாட்டா காட்டுது!" என்று படகே ஆரவாரித்தது. படகு போன பிறகும் ஸ்லாத் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேல்கிளையிலிருந்த பஞ்சவர்ணக்கிளிக்குப் பொறுக்கவில்லை. "ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் கை காட்டுறே. எதிர்க்கரையில உன் இனத்துக்காரி ஒருத்தி முந்தாநாளிலேருந்து உன்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கிட்டு இருக்காளே, அவளுக்குப் பதில் கிடையாதா?"

"என்னைப் பார்த்தா?"

ஸ்லாத்துக்கு நெஞ்சு படபடத்தது. அதன் உடம்பில் வேகமாக ஓடியது அது ஒன்றுதான். கழுத்தைத் திருப்பத் தொடங்கியது. வெயில் ஏறியது. ஒரு மழை பெய்து ஓய்ந்தது. கடைசியில் எதிர்க்கரை கண்ணில் பட்டபோது, அங்கே ஒரு கிளை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"போயிட்டாளா?"

"இப்பத்தான்," என்றது கிளி.

படகுக்காகத் தூக்கிய கை இன்னும் மேலேயேதான் இருந்தது.