பின்னணிச் சத்தம்

குட்டியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதென்று ஆற்றங்கரையில் கதறிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளாடு. அதைப் பேட்டி எடுக்கக் கேமராவும் மைக்கும் வந்தன.

“அழுகையைக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா. நான் சொன்னதும் அழலாம்,” என்றது கேமரா.

ஊருக்குத் தெரிந்தால் யாராவது தேட வருவார்கள் என்று நம்பி, ஆடு அழுகையை அடக்கிக்கொண்டது.

ஆற்றின் இரைச்சலில் ஆட்டுக்குக் கேட்காதது மைக்குக்குக் கேட்டது. அது கேமராவிடம் கிசுகிசுத்தது: “அண்ணே, நாணலுக்குள்ள குட்டி கத்துது. உயிரோடதான் இருக்கு.”

“பின்னாடி அந்தச் சத்தம் விழுந்தா பேட்டி கெட்டுடும். நிக்கட்டும், எடுக்கலாம்.”

இரண்டும் காத்திருந்தன. தண்ணீர் ஏறியது. சத்தம் மெலிந்து, விட்டுவிட்டுக் கேட்டு, நின்றது.

“நின்னுடுச்சுண்ணே,” என்றது மைக்.

கேமரா ஆட்டின் பக்கம் திரும்பியது.

“இப்ப அழுங்கம்மா.”