நீலப் படகின் கயிறு

காற்று முதுகுப் பக்கம் வந்ததும் செலின் பாய்க்கயிற்றை விட்டாள்.

கயிறு கப்பிகளில் சரசரவென்று ஓடியது. பாயின் அடிக்கழி படகுக்கு வெளியே போய்ப் பக்கக் கம்பியில் இடித்து நின்றது. பாய் முழுக்கக் காற்றை வாங்கியது.

முன்னால் போன நீலப் படகும் கயிற்றை விட்டது. கழி பாதி வெளியே போவதற்குள் கயிற்று முனையின் முடிச்சு கப்பியில் மாட்டிக்கொண்டது. அதற்கு மேல் விடக் கயிறு இல்லை.

செலினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஹுசேன் சாகர் ஏரியில் இன்று ஜெயிப்பவர்தான் மதராஸ் போட்டியில் தொழிற்சாலைக்காகப் படகு ஓட்டுவார். மூன்று வருஷமாக அவளை நீலப் படகில் எடைக்குத்தான் ஏற்றினார்கள். இந்தப் பக்கம் உட்கார், குனி, அந்தப் பக்கம் போ. வேறு எதையும் அவளிடம் கேட்டதில்லை. இந்த வருஷம்தான் சண்டை போட்டு ஒரு பழைய படகை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு படகுக்கும் புதுக் கயிறு வெட்ட வேண்டியிருந்தது. நீலப் படகுக்காரர் வரைபடத்தை விரித்து அளவெடுத்தார். குஷாய்குடா தொழிற்சாலை இன்ஜினியர்களுக்கு வரைபடம் வேதவாக்கு. அதில் அடிக்கழி படகின் நடுக்கோட்டில் சமர்த்தாகப் படுத்திருந்தது. கப்பிக்குக் கப்பி நாலு மடங்கு, கையில் பிடிக்கக் கொஞ்சம், முடிந்தது கணக்கு.

செலினும் அங்கே இன்ஜினியர்தான். ஆனால் அவள் படகைப் புல்தரைக்கு இழுத்துவந்து, கழியைக் கடைசிவரை வெளியே தள்ளி, கப்பிகள் வழியாகச் சணலை விட்டு, தான் உட்காரும் இடம்வரை கொண்டுவந்து அளந்தாள். காலில்தான் சிக்கப்போகிறது, பாதியை வெட்டித் துணி காயப்போடு என்று அவர் சிரித்தார். பாய் நடுவிலேயே நிற்காது என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

நீலப் படகு இப்போது அரைப் பாயோடு திணறியது. தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் செலின் நினைத்தாள். பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

டாங்க் பண்ட் கரையோரத்துக் கடைசி மிதவையை முதலில் கடந்ததும் விசில் ஊதினார்கள். செலின் போட்ட கூச்சலில் படகின் முன்னால் துணைக்கு உட்கார்ந்திருந்த ஜலஜா பயந்தே போனாள். கரையில் படகுக் கழகச் செயலர் வேணுகோபால், மதராஸுக்குச் செலின்தான் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டம் கலைந்தபின் நீலப் படகுக்காரர் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். ரொம்ப நேரம் சுருட்டினார்.

"நீ போயிட்டு வா. பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

பிறகு விஜய் சூப்பர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். செலின் பின்னால் ஏறி, கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு வரும்வரை அவள் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.