அரை மணி நேரம் வெறும் முகம்

அழகுசாதனக் கடையின் ஒரே நாற்காலியில் நர்ஸ் தூங்கிக்கொண்டிருக்கிறாள். இரவு டியூட்டி முடிந்து நேராக இங்கே வந்தவள். தனக்கு எந்த க்ரீம் ஒத்துவரும் என்று கேட்டவளிடம், விற்பனைக்காரி எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள்: "முகத்தைக் கழுவிட்டு அரை மணி நேரம் ஒண்ணும் போடாம சும்மா இருங்கக்கா. இழுத்துப் பிடிச்சா வறண்ட தோல். மினுமினுன்னு இருந்தா எண்ணெய்த் தோல். மூக்கு மட்டும் மினுக்குனா ரெண்டும் கலந்தது." "வீட்ல எனக்கு ஏதும்மா அரை மணி நேரம்?" என்றவள், இங்கேயே முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். துடைத்த துண்டை மடியில் போடுவதற்குள் கண் சொருகிவிட்டது. கண்ணாடியைச் சுற்றி எரியும் பல்புகள் அந்த முகத்தில் எதையும் மறைய விடுவதில்லை. முகக்கவசத்தின் நாடா கன்னத்தில் கோடாகப் பதிந்திருக்கிறது. அதன் கீழே தோல் வெள்ளை வெள்ளையாக உரிகிறது. மூக்கின் மேல் மட்டும் லேசான பளபளப்பு. விற்பனைக்காரி கால் மாற்றி நிற்கிறாள். வேலை நேரத்தில் அவள் உட்காரக் கூடாது. குதிகால் காலையிலிருந்தே கடுக்கிறது. மேலாளர் மூன்றாவது முறையாக வந்து நாற்காலியைப் பார்க்கிறார்.

"அரை மணி எப்பவோ ஆயிடுச்சே. என்ன தோலுன்னு இன்னுமா தெரியல?"

"தெரியல சார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

சொல்லிக்கொண்டே, சத்தம் வராமல் கண்ணாடி விளக்கை அணைக்கிறாள்.