முப்பத்தோராவது ஆள்

காலை ஆறேகால். உட்துறைமுகக் கரையில் முப்பத்தொரு பேர். முப்பது பேர் குனிந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். றுவைஸ் மட்டும் நீலப் பிளாஸ்டிக் கதிரையின் நுனியில், முள்ளின்மேல் இருப்பவனைப் போல இருந்தான்.

குனிந்து நின்றவர்கள் தொண்டர்கள். ஞாயிறுதோறும் தாமாக வருகிறவர்கள். றுவைஸ் தானாக வரவில்லை. மீன் சந்தையில் விலை பேசப்போய்ச் சண்டை முற்றி, ஒருவருடைய தராசைத் தூக்கி நிலத்தில் அடித்துவிட்டான். நீதவான் அவனைச் சமுதாய வேலைக்கு அனுப்பியிருந்தார்.

அந்தத் தராசின் சொந்தக்காரர் தர்மசீலன். கரையைத் துப்புரவாக்கும் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு ஞாயிறும் தவறாதவர். இப்போது அவனுக்கு எதிரே ஈரச் சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, இது தண்டனையோ, மாப்பிள்ளை விருந்தோ?" என்று சங்கத் தலைவி உம்மு குல்சுமைக் கேட்டார், எல்லாருக்கும் கேட்கும்படி. "தராசைப் பறிகொடுத்தவன் சாக்கு இழுக்கிறன். உடைச்சவர் கொலுவிருக்கிறார்!"

கரை முழுவதும் சிரித்தது.

"அந்தா பாருங்கோ, மான்கூடப் பொலித்தீன் இழுக்குது. இவருக்குத்தான் ஏலாது!" என்றார் தர்மசீலன் விடாமல்.

உண்மைதான். ஊர் சுற்றும் மான் ஒன்று சோற்றுப் பார்சல் தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

றுவைசுக்குக் காது சுட்டது. விருட்டென்று எழுந்து ஒரு மண்வெட்டியை எடுத்தான்.

"வை அத!" உம்மு குல்சும் ஓடிவந்தார்.

"ராத்தா, நான் கள்ளன் இல்ல. மண்வெட்டியத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டன்."

"ஆர் உன்னக் கள்ளன் எண்டது? இரி மகன்."

"மாசம் முடிய முந்தி மணித்தியாலத்த முடிக்காட்டி திரும்பக் கோட்டுக்குப் போகணும் ராத்தா. கதிரையில இருந்தத வேலையெண்டு ஆர் எடுப்பாங்க? தேத்தண்ணியாவது ஊத்தட்டா?"

"சுடுதண்ணி கையில பட்டா?"

"அந்த மானையாவது கலைக்கட்டா?"

"முட்டினா?"

மறுபடியும் சிரிப்பு. றுவைஸ் மண்வெட்டியைக் கீழே போட்டான். உம்மு குல்சும் அவனுக்குப் பக்கத்தில் மணலில் குந்தினார்.

"கேளு. ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே கரையில என்ட மனுசனுக்குக் கால்ல போத்தல் ஓடு ஏறினது. நாலு மாசம் தோணியில கால் வைக்கல்ல. கூலிக்கு வந்திருந்தா நட்டஈடு கேட்டிருக்கலாமாம். தொண்டுக்கு வந்தவருக்கு ஒண்டுமில்லையாம். 'அல்லாஹ் கூலி தருவான்' எண்டுட்டுப் போனாங்க. தருவான்தான். குசினியில அரிசி வேணுமே! அதுக்குப் பிறகுதான் எல்லாரோடயும் சண்டை புடிச்சுச் சங்கத்துக்குக் காப்புறுதி எடுத்தம். முப்பது பேருக்கு. நீ முப்பத்தோராவது ஆள். உனக்கு ஒண்டு நடந்தா கொம்பனி கேட்காது. உன்ட உம்மாதான் கேட்பா. என்னட்ட."

காலையிலிருந்து றுவைஸ் நினைத்துக்கொண்டிருந்தது வேறு: தன்னை நம்பாமல்தான் இருத்திவைத்திருக்கிறார்கள் என்று.

"என்னையும் சேர்க்க ஏலாதா?"

"ஏப்ரல்ல புதுப்பிக்கிற வரைக்கும் ஆளக் கூட்ட ஏலாதாம். ஒராள் விலகினா அந்த இடத்துக்கு ஒராளைப் போடலாம். விலகின ஆள் ஒண்டையும் தொடப்படாது. என்ட கரையில காப்புறுதி இல்லாதவங்களுக்குக் கதிரைதான்."

தர்மசீலன் சாக்கைத் தொப்பென்று போட்டார்.

"விலகிறதோ? இவனுக்காகவோ? நல்ல கதை! அந்தக் கதிரையில போய் இருக்கிற மடையன் முழு ஊரிட்டையும் பகிடி வாங்க வேணும். முதல் பகிடி என்னட்ட!"

"நீங்க சும்மா இருங்க அண்ணன்," என்றார் உம்மு குல்சும்.

"நான் ஏன் சும்மா இருக்கிறன்? சும்மா இருக்கத்தான் இஞ்ச ஒராள் இருக்கிறாரே!"

அதற்கும் ஒரு சிரிப்பை வாங்கிக்கொண்டு, சாக்கைத் தோளில் ஏற்றி, தர்மசீலன் திரும்பிப் பாராமல் நடந்தார். வேலை முடியும்வரை றுவைஸ் கதிரையில் இருந்தான். மான் தாளைத் தின்று முடித்துவிட்டுப் போனது.

2025 பெப்ரவரி 16, அடுத்த ஞாயிறு, காலை ஆறேகால். உட்துறைமுகக் கரையில் முப்பத்தொரு பேர். முப்பது பேர் குனிந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் சாக்கை நிரப்பியவன் றுவைஸ். தர்மசீலன் நீலக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார்.