பெட்டியின் மறுமுனை

பெட்டியைத் தூக்கியதுமே இவனுக்குக் கை நடுங்கியது.

நீளமான மரப்பெட்டி. உள்ளே ஏதோ இயந்திரம். கிடங்கு வாசலில் பின்பக்கம் காட்டி நிற்கும் லாரிக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். எதிர்முனையைப் பிடித்திருந்தவன் புது மாப்பிள்ளை. கல்யாணமான மறுவாரமே வேலைக்கு வந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர்.

மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் இவன் பாதி வழியில் பாரத்தை இறக்கி மூச்சு வாங்கியதையும் அவர் பார்த்திருந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டிலேயே ஓய்வெடுத்துக்கொள் என்று நாசூக்காகச் சொல்லியும் விட்டார்.

வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும்தான் இருந்தன. பேச ஆள் வேண்டுமென்றால் இவன் இங்கேதான் வந்தாக வேண்டும்.

நிதானம் என்று எல்லோரும் கூப்பிட்ட பழைய கூட்டாளி ஜோடியாக இருந்தவரை கை இப்படி நடுங்கியதில்லை.

எந்தப் பெட்டியானாலும் நிதானம் நேராக வந்து தூக்க மாட்டான். முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வருவான். இந்த முனையைக் காலால் ஒரு நெட்டு, அந்த முனையை ஒரு நெட்டு. அப்புறம்தான் தன் பக்கத்தைப் பிடிப்பான். மாடு வாங்க வந்தவன் தோற்றான் என்று கேலி செய்து, அந்தப் பெயரை வைத்ததே இவன்தான்.

மிச்சமிருக்கும் முனையை இவன் பிடிப்பான். போகிற வழியெல்லாம் வாய் சும்மா இருக்காது. நிதானம் ஒரு ‘ம்’மோடு நிறுத்திக்கொள்வான். திமிர் என்று நினைத்துக்கொள்வான் இவன்.

ஒருநாள் இடுப்பு போய்விட்டது என்று நிதானம் வேலையை விட்டான். இவன் நம்பவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தே பொழுதை ஓட்டியவனுக்கு இடுப்பு எப்படிப் போகும்? சொல்லிக்கொண்டு போக வந்தவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் மகள் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நிதானம் இரண்டு முறை போன் செய்தான். தனியாக விட்டுப் போனவனோடு என்ன பேச்சு என்று இவன் எடுக்கவில்லை. அப்புறம் போன் வரவில்லை.

நிதானம் வேலையை விட்டதிலிருந்து பாதிப் பெட்டிகள் கனத்தன. வயதாகிவிட்டது, உடம்பு கைவிட்டுவிட்டது என்று யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தான்.

இப்போது லாரிக்குள் கால் வைத்தபோது நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை.

எதிர்முனையிலிருந்து புது மாப்பிள்ளை சிரித்தான்.

“என்னண்ணே, பெட்டிதான் பெருசா இருக்கு. தூக்கினா பஞ்சு மாதிரி இருக்கே.”

இவன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

அது இவனுடைய பேச்சு. நிதானத்திடம் நாள் தவறாமல் இவன் பேசிய அதே பேச்சு.

ஒரே பெட்டிதான். அந்த முனையில் பஞ்சு. இந்த முனையில் விரல்கள் பிய்ந்துகொண்டிருந்தன.

நிதானம் இரண்டு முனையையும் காலால் நெட்டிப் பார்த்தது எதற்கென்று இத்தனை நாள் கழித்துப் புரிந்தது. இவன் உடம்பு கைவிடவில்லை. இவனுக்கு வர வேண்டிய கனத்தையெல்லாம் ஒருத்தன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

பெட்டியை இறக்கினார்கள். புது மாப்பிள்ளை பதிலுக்காக இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ம்” என்றான் இவன். அதற்கு மேல் பேச மூச்சில்லை.