மறக்காத முகம்

"அம்மா, ஆள் கீழை வந்திட்டார். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். ஒண்டும் கத்திப்போடாதேங்கோ, என்ன?"

கம்சனா படியிறங்கிப் போனாள். தேவமலர் சமையலறைக்கும் கூடத்துக்குமாக மறுபடி நடந்தாள். காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யன்னலைச் சாத்தினாள், வியர்த்தது, திறந்தாள். கீழே ஜெர்மன் தெருவில் பஸ் திரும்பும் சத்தத்துக்கே நெஞ்சு துணுக்குற்றது.

வருகிறவர் யார் என்று மகள் சரியாகச் சொல்லவில்லை. "அமெரிக்காவிலையிருந்து வந்திருக்கிறார். நாளைக்கு இஞ்சை ஆஹென் யூனிவர்சிற்றியிலை மரண தண்டனையைப் பற்றிப் பேசப்போறார். அதுக்கு முதல் உங்களை ஒருக்கால் பாக்கோணுமாம்" என்றாள். தேவமலருக்கு அது போதும். அவனுக்காக வாதாடுகிற ஆளாகத்தான் இருக்கும்.

அவன். பெயரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

கம்சனா கிண்டர்கார்டன் போன காலம். அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் தேவமலரின் தம்பி நடத்திய பெற்றோல் கடையைப் பார்க்கக் குடும்பமாகப் போயிருந்தார்கள். ஒரு மழைநாள், தொப்பி போட்ட கறுப்பின இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு கடைக்குள் நுழைந்தான். கணவர் பரராசசிங்கம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். பிறகு நீதிமன்றத்தில் தேவமலர் கை நீட்டி "இவன்தான்" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவனுக்கு மரண தண்டனை விழுந்தது.

கதவு திறந்தது. நெடிய, நரைத்த ஒரு மனிதர். கறுப்பர். தேவமலர் ஓரடி பின்வாங்கினாள். லோயர்மாரும் கறுப்பராய் இருப்பார்கள்தானே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கதவு திறந்தே இருந்தும் அவர் வாசலில் நின்றார். கம்சனா கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார்.

சுவரில் பரராசசிங்கத்தின் படம் மாலையோடு தொங்கியது. அதன் முன் போய்த் தலை குனிந்து நின்றார். தேவமலருக்கு மனம் கொஞ்சம் இளகியது. தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள்.

"பிள்ளை, இவரைக் கேள். என்னட்டை என்ன வேணுமாம்?"

கம்சனா ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

"முதல் நீங்கள் கதையுங்கோவாம் அம்மா. உங்கட மனசிலை இருக்கிறதைக் கேக்கத்தான் வந்தவராம்."

"கேக்க என்ன இருக்கு? நான் பிழையான ஆளைக் காட்டிப்போட்டன் எண்டு சொல்லத்தானே வந்தவர்?"

கம்சனா அவரைக் கேட்காமல் தானே சொன்னாள்: "அடையாளம் காட்டச் சொல்லி பொலிஸ் உங்களுக்கு ஒரேயொரு படத்தைத்தானே காட்டினது. தீர்ப்புச் சொன்ன ஜூரியிலை பேருக்குக்கூட ஒரு கறுப்பர் இல்லை."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"உங்கட வேலையிடத்திலை ஜெர்மன்காரர் உங்களையும் யோகம் அக்காவையும் இன்னும் மாத்தி மாத்தித்தானே கூப்பிடுகினம்? 'எங்கட முகம் இவையளுக்கு ஒரு முகமாத் தெரியாதோ?' எண்டு நீங்கள்தானே வந்து கத்துறனீங்கள்?"

தேவமலர் கையை வீசி மறித்தாள்.

"அது வேறை, இது வேறை. இப்ப நான் சொல்லுறதை அப்பிடியே இவருக்குச் சொல்லு." கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். அவருடைய கண்களையே பார்த்துச் சொன்னாள்: "என்ர மனிசனைச் சுட்டவன்ர முகம் என்ர கண்ணுக்குள்ளையே இருக்கு. அந்தக் கண், மூக்கு, நாடி எல்லாம் இருக்கு. தலை நரைச்சாலும், ஊர் திரண்ட கூட்டத்துக்குள்ளை நிண்டாலும், அவனைக் கை நீட்டிக் காட்டுவன்!"

கம்சனா மொழிபெயர்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கியதுபோல மெதுவாகத் தலையசைத்துக் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"அம்மா... அவரை விட்டிட்டினம்."

"ஆரை?"

"நீங்கள் காட்டின ஆளை. சுட்டது வேறை ஒருத்தன். அவனே ஒப்புக்கொண்டிட்டான். எனக்குக் கனநாளாத் தெரியும். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை."

தேவமலரின் முகம் வெளிறியது.

"விட்டிட்டினமோ? அவன் வெளியிலையோ நிக்கிறான்?" துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினாள். "என்னைத் தேடி வருவான் பிள்ளை! இத்தினை வருசம் உள்ளுக்கை கிடந்தவன், காட்டிக் குடுத்தவளைச் சும்மா விடுவானோ?"

கதவுச் சங்கிலியைப் பிடித்தாள். சங்கிலி நழுவி நழுவி விழுந்தது. அந்த மனிதர் எழுந்து வந்தார். அவள் கையிலிருந்து சங்கிலியை மெல்ல வாங்கி, கொளுவிவிட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

தேவமலர் மூச்சு வாங்கியபடி அவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இவரை இப்ப போக விடாதை பிள்ளை. கொஞ்ச நேரம் துணைக்கு இருக்கச் சொல்லு. இவருக்கு அவனைத் தெரியும்தானே? வந்தால் அடையாளம் சொல்லுவார்."

கம்சனா அழுதுவிட்டாள்.

"அம்மா, நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது அண்டைக்கு நீங்கள் காட்டின ஆளின்ர கையைத்தான்."